முட்டுக்காட்டில் ஒரு பகல்



கங்காதர நெல்லூரிலிருந்து புறப்பட்டுக் காட்பாடியில் வண்டியேறி, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவை நாங்கள் தம்பதி சமேதராய்க் கண்டு மீண்டோம். 1996-இல் திறக்கப்பட்ட இடம் அது. தமிழகம், கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய நானிலத்து வீடுகளும் அங்குண்டு. இடிபடவிருந்த வீடுகள் சிலவற்றைத் தூண் தூணாய்க் கழற்றிக் கொணர்ந்து, மீண்டும் எழுப்பியுள்ளனர். செட்டிநாட்டு இல்லத்தின் மரத்தூண்களை வியந்து நின்றோம்.

ஆந்திர நெசவாளர் வீட்டை அடைந்ததும் எம் இல்லாள் திண்ணையில் அமர்ந்துவிட்டார். "இதுவன்றோ நம் தெருவைப் போலிருக்கிறது!" என்றார். தமிழர் இல்லம் காணச் சென்றவர்கள் நாங்கள். 1960-இல் திருத்தணி சென்னை இராச்சியத்தைச் சேர, சித்தூர் ஆந்திரத்தில் நின்றது, நாங்களும் நின்றோம்.

உச்சிவேளையில் வெளியே மரநிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளியோதரை எம் அன்னையார் பக்குவம். கோங்குராப் பச்சடியோ அண்டைவீட்டுத் தெலுங்கு அம்மையார் கற்பித்தது. முதலில் தீர்ந்தது பச்சடிதான்!

இரவு வீடு திரும்பியதும், "தமிழர் வீடு எப்படியிருந்தது?" என்று பிள்ளைகள் தெலுங்கில் வினவினர். நெடுநேரம் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தோம். இளையவன் மட்டும், "முற்றம் என்றால் என்ன?" என்று தமிழில் கேட்டான்.