வெற்றிடமே விளைநிலம்

 

ஒரு பிடி மண்ணை அள்ளிக் கையில் வைத்தால், அதில் ஏறத்தாழப் பாதிதான் மண் என்பது கேட்போர்க்கு வியப்பாகத் தோன்றும். ஆயினும் உண்மை அதுவே. நல்ல விளைநிலத்து மேல்மண்ணில் கனிமத் துகளும் மக்கும் சேர்ந்து ஒரு பாதி. மறுபாதி வெறும் இடைவெளி. அவ்விடைவெளியில் நீரும் காற்றும் ஏறக்குறையச் செம்பாதியாய்க் குடியிருக்கும்போதுதான் வேர் நீர் பருகவும் இயலும்; மூச்சுவிடவும் இயலும். உழுவதும், கட்டியுடைப்பதும், எருவிடுவதும் பெரும்பகுதி அந்த வெற்றிடத்திற்காகவே. மண்ணின் ஊட்டத்தைப் பற்றிப் பேசுவோர் இன்று பலர். மண்ணின் உடலைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். உடல் நொறுங்கிக் கிடப்பவனுக்கு ஊட்டக்கஞ்சி மட்டும் ஊற்றிப் பயன் என்ன?

மண்ணின் உடலை அறிய முதலில் அதன் துகளை அறிதல் வேண்டும். துகள்கள் மூவகை. 2 மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னம் வரை உள்ளது மணல். விரலுக்கு மாவுபோல் தோன்றுவது வண்டல். 0.002 மில்லிமீட்டருக்கும் கீழ்ப்பட்டது களி. பருமணலுக்கும் களிக்கும் உள்ள வேறுபாடு ஆயிரம் மடங்குக்கு மேல் என்க. இதனைக் கண்டறியப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. ஒரு கண்ணாடிக் குடுவையில் மூன்றிலொரு பங்கு மண்ணும் எஞ்சிய அளவு நீரும் இட்டு, நன்கு குலுக்கி வைத்தால் போதும். மணல் ஓரிரு மணித்துளிகளில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களியோ நாட்கணக்கில் நீரைக் கலக்கிக்கொண்டு நிற்கும். படிந்த அடுக்குகளின் தடிப்பே அந்நிலத்தின் பிறப்புச் சான்று.

துகள் சிறுத்தால் என்ன ஆகும்? அதன் மேற்பரப்பு பெருகும். கரிசல் நிலத்தில் மிகுந்துள்ள வீங்கும் களியில் ஒரு கிராம் எடுத்து, அதன் உள்ளும் புறமும் உள்ள பரப்பையெல்லாம் விரித்தால் 600 முதல் 800 சதுர மீட்டர் வரை வரும். செம்மண்ணில் பெரிதும் காணப்படும் வீங்காக் களிக்கு அது முப்பதைத் தாண்டுவது அரிது. நீர் ஒட்டிக்கொள்வது பரப்பின்மீது. ஆகவே பரப்பு மிகுந்தால் நீர்ப்பிடிப்பும் மிகும். ஒரு மீட்டர் ஆழமுள்ள மணல்நிலம் பயிருக்குத் தரக்கூடிய நீர் ஏறத்தாழ 50 முதல் 80 மில்லிமீட்டர் உயரம்; களிநிலமோ 150 முதல் 200 வரை தரவல்லது. கோவில்பட்டிச் சீமையின் கரிசல், ஐப்பசி கார்த்திகை மழையை உள்வாங்கி வைத்து, மழை நின்ற பின்னும் பருத்தியையும் சோளத்தையும் காப்பது இதனாலேயே. அதே மழையைப் பெறும் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணல் நீரைக் கீழே நழுவவிட்டுவிடும். வானம் ஒன்றே, வாங்கி வைக்கும் கலம் வேறு.

ஆனால் துகள் மட்டுமே மண்ணன்று. செங்கற் குவியலும் வீடும் ஒரே பொருளால் ஆனவையே. எனினும் குவியலில் எவரும் குடியிருப்பதில்லை. மணலும் வண்டலும் களியும் ஒன்றோடொன்று பிணைந்து சிறுசிறு உருண்டைகளாக நிற்பதே மண்ணின் கட்டமைப்பு. உருண்டைகளுக்கு இடையே உள்ள பெரும்புழைகள் மழைநீரை உள்ளே விடும், காற்றைக் கொணரும், வேருக்கு வழி தரும். உருண்டைகளுக்கு உள்ளே உள்ள நுண்புழைகள் நீரைத் தேக்கி வைக்கும். இவ்வீட்டைக் கட்டும் கொத்தர்கள் மக்கும், வேரும், கண்ணுக்குப் புலப்படாப் பூஞ்சை இழையும், மண்புழுவுமே. சார்லசு தார்வின் தம் இறுதிக்காலத்தில் மண்புழுக்களுக்கென்றே ஒரு நூல் எழுதி 1881இல் வெளியிட்டார். காலடியில் நெளியும் அவ்வுயிரின் உழைப்பு அத்துணைப் பெரிது.

இவ்வீடு இடிந்தால் வரும் இழப்பைக் கணக்கிட்டே காட்டலாம். மண் துகளின் அடர்த்தி பருமன் அலகுக்கு ஏறத்தாழ 2.65. இடைவெளியோடு சேர்த்து அளந்த மண்ணின் அடர்த்தி 1.33 ஆக இருந்தால், பாதி இடம் வெற்றிடம் என்பது பொருள். ஈரநிலத்தில் கனத்த உழுபொறிகள் மீண்டும் மீண்டும் ஏறியிறங்க, அவ்வடர்த்தி 1.6 ஆக உயர்ந்தால் வெற்றிடம் 40 விழுக்காடாகச் சுருங்கும். பத்து விழுக்காடுதானே என எண்ணற்க! ஓர் ஏக்கரின் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணில் அப்பத்து விழுக்காடு என்பது அறுபதாயிரம் இலிட்டர் நீருக்கும் காற்றுக்குமான இடம். அதிலும் முதலில் நசுங்குவன பெரும்புழைகளே. மழை உட்புகாது ஓடிவிடும். வேர் கீழிறங்காது பக்கவாட்டில் சுருளும். ஒரே ஆழத்தில் ஆண்டுதோறும் உழுவதால் கலப்பையின் அடியில் உருவாகும் கெட்டித்தட்டும் இதே கேட்டைச் செய்யும். எத்துணை மூட்டை உரம் இட்டாலும் எட்டாத வேருக்கு அது எட்டாததே.

செம்மண் நிலத்திற்கு இன்னொரு கேடு உண்டு. மூடாக்கின்றிக் கிடக்கும் மேல்மண்ணை மழைத்துளி அறையும்போது உருண்டைகள் சிதறி, நுண்துகள்கள் புழைகளை அடைத்துக்கொள்ளும். வெயிலடித்ததும் அது ஓடுபோல் இறுகும். அதுவே பொருக்கு. முளைவிட்ட விதை அதனை முட்டித் திறக்கமாட்டாது உள்ளேயே மடியும்.

அவையீர்! பொருக்கு என்னும் அச்சொல்லை எவர் ஆக்கினார்? எந்தக் கல்லூரியும் அன்று, எழுத்தறியா உழவரே. இருவாட்டி என்றால் மணலும் களியும் கலந்த நிலம். தொளி என்றால் உருண்டைகள் கரைந்து குழம்பான சேறு. பதம் என்றால் மண்ணைப் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் ஈரநிலை. விரலில் ஈயினால் உழவு காலத்திற்கு முந்தியது; பிடியாமல் தூளானால் காலம் கடந்தது. இவை ஒவ்வொன்றும் மண்ணின் இயற்பியலை அளந்து வைத்த அளவைச் சொற்கள். சொல்லை மறந்தவன் அளவையையும் மறக்கிறான்.

காவிரிப் படுகையில் அவ்வறிவைக் கண்கூடாகக் காணலாம். நெல்லுக்காகச் சேற்றுழவு செய்வோர் மண்ணின் கட்டமைப்பை வேண்டுமென்றே குலைக்கின்றனர். நீர் கீழிறங்காதிருக்க அதுவே வழி. ஆனால் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன்னரே, நிற்கும் நெற்பயிருக்கு இடையில் உளுந்தையும் பயற்றையும் தூவிவிடுவர். உழவில்லை, பாய்ச்சலில்லை. அச்சேறு காய்ந்து இறுகுமுன் எஞ்சிய ஈரத்திலேயே பயறு வேரூன்றிவிடும். ஈரம் மிகுந்தால் விதை அழுகும், குறைந்தால் முளையாது. அந்தச் சில நாட்களை அறியும் கண்ணே அறிவியற் கண்.

திருவள்ளுவர் உழவு அதிகாரத்தில், 1037ஆம் குறளில், ஒரு பலப் புழுதி கால் பலமாகுமாறு உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாது பயிர் விளையும் என்னும் கருத்தை வைத்தார். அடுத்த குறளிலேயே எருவையும் காவலையும் உயர்த்திக் கூறினார். ஆதலின் எருவே வேண்டாம் என்பது அவர் கருத்தன்று. மண்ணின் உடலைச் செப்பம் செய்வதே முதற்கடன் என்பதே கருத்து. நன்கு காய்ந்து மீண்டும் நனையும் கட்டி, நுண்ணிய கோடுகளில் வெடித்துப் பொலபொலப்பாவதை இன்றைய ஆய்வும் ஒப்புகிறது. சித்திரைப் புழுதியைப் பத்தரை மாற்றுப் பொன்னோடு ஒப்பிட்ட பழமொழியும் அது பற்றியதே.

இனி இன்றைய நிலையைப் பாருங்கள். நடுவணரசு 2015இல் மண் வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வட்டையில் பன்னிரண்டு அளவைகள் உள்ளன. தழை, மணி, சாம்பல் ஊட்டங்கள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், காடித்தன்மை, உப்பு நிலை, கரிம அளவு ஆகியவை அவை. இவையெல்லாம் வேண்டுவனவே, ஐயமில்லை. ஆனால் மண்ணின் இறுக்கம் எவ்வளவு, நீர் உட்புகும் விரைவு எவ்வளவு, களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்பதற்கு அதில் ஒரு கட்டமும் இல்லை. கரிம அளவு ஒன்றே மண்ணின் கட்டமைப்பைக் குறிப்பால் உணர்த்தும். வினா ஊட்டத்தைப் பற்றியதாக மட்டும் இருந்தால் விடையும் உர மூட்டையாகவே முடியும் அன்றோ?

குலைந்த கட்டமைப்பை மீட்கலாம். பதமறிந்து உழுதல் வேண்டும். ஈரநிலத்தில் கனத்த பொறியை ஏற்றாதிருத்தல் வேண்டும். கெட்டித்தட்டை உளிக்கலப்பையால் பிளக்கலாம். தொழுவுரமும் பசுந்தழையும் மூடாக்கும் இட்டால் மண்புழு தானே திரும்பி வரும். மணற்பாங்கான நிலத்திற்குக் கோடையில் ஏரி வண்டலை வண்டியேற்றிக் கொண்டுவந்த முன்னோர் செயல், துகளின் கலவையையே திருத்தும் மருத்துவம்.

ஆயின் மேல்மண்ணையே செங்கற் சூளைக்கு விற்றுவிட்டால் அதற்கு மருந்தில்லை. ஓர் அங்குல மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆகும். அதனை வாரி ஏற்ற ஒரு பகல் போதும். உரத்தைக் கடையில் வாங்கலாம். மண்ணின் உடலை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

ஆகவே ஒவ்வோர் உழவரும் இவ்வாண்டு தம் நிலத்து மண்ணைக் குடுவையில் இட்டுக் குலுக்கிப் பார்ப்பாராக! மழைக்குப் பின் ஒரு மண்வெட்டி ஆழம் தோண்டி, வேர் எங்கே நிற்கிறது, ஈரம் எங்கே நிற்கிறது என்று காண்பாராக! கண்டதைத் தமிழில், தம் ஊர்ச்சொல்லில், தம் மக்களுக்குச் சொல்வாராக! மண் ஆய்வாளர் வரும்போது இறுக்கத்தையும் அளந்து தருமாறு கேட்பாராக! அந்த வெற்றிடம் காக்கப்பட்டால் அதனுள் நீர் நிற்கும்; நீர் நின்றால் வேர் நிற்கும்; வேர் நின்றால் ஊர் நிற்கும்.