லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

(புதுச்சேரி சுதேசி மில் அருகே நடந்த ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



உரமூட்டை ஏத்த என்கிட்ட ஒரு பழைய ஃபோர் வீல் டீசல் ஜீப் இருக்கு. லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுக்கும்னு சொல்லித்தான் வித்தாங்க. டேங்க்கை வாய் வரைக்கும் நிரப்பி, மீட்டரைக் குறிச்சு, 300 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி நிரப்பினேன். 30 லிட்டர் பிடிச்சது. ஆக, பத்துதான்!

காத்து குறைஞ்ச டயர், புழுதி அடைச்ச ஏர் ஃபில்டர், தார் ரோட்டுக்கு வந்தும் விடுவிக்காத ஃபோர் வீல் கியர் – மூணும் டீசலைக் குடிக்கும். மூணையும் சரி பண்ணினேன். அதே தூரத்துக்கு 25 லிட்டர்தான் ஆச்சு.

வண்டியை நாம் சரி செய்தோம். விலையை யார் சரி செய்வது? 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு கைவிட்டது. 2017 ஜூனில் தினசரி விலை முறை வந்தது. நெல்லுக்கு ஆதரவு விலை வருஷத்துக்கு ஒரு தடவைதான்!

தமிழ்நாட்டில் மீன்பிடிப் படகுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் உண்டு. அது நியாயம். சேற்றில் உழும் டிராக்டருக்கும் அதே நியாயத்தைத்தான் கேட்கிறோம்.

தோழர்களே, ஒரு மாத டீசல் கணக்கை எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். கணக்கோடு போனால்தான் கோரிக்கை நிற்கும்.

ஒன்றுபடுவோம்! வென்றெடுப்போம்!