தண்ணீரை வளர்த்தால் மீன் வளரும்

பட்டிமன்றத் தலைப்பு: வீட்டில் பல மீன்தொட்டிகள் வைப்பது பொழுதுபோக்கே! பொறுப்பே!
'பொறுப்பே' என்ற அணியில் பேசியது

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! 'பொழுதுபோக்கே' என்று பேசி நம்ம பொழுதை நல்லாவே போக்கிட்டுப் போன எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) என் அணித் தோழர்களே! தேனி மாவட்டத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

இரண்டு பக்கமும் மலை. நடுவிலே முல்லையாறு. கரையெல்லாம் நெல்லும் வாழையும் திராட்சையும். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலே நின்று தண்ணீரைப் பற்றிப் பேசுவது, கொல்லன் தெருவிலே ஊசி விற்கிற வேலைதான். ஆனாலும் பேசுகிறேன். ஏனென்றால் இன்றைக்கு எதிரணியிலே மீனைப் பற்றிப் பேசினார்கள், நிறத்தைப் பற்றிப் பேசினார்கள், விளக்கைப் பற்றிப் பேசினார்கள். தண்ணீரைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை!

எதிரணித் தலைவர் சொன்னாரு: "ஒரு தொட்டி வெச்சா ஒரு பங்கு மகிழ்ச்சி, அஞ்சு தொட்டி வெச்சா அஞ்சு பங்கு மகிழ்ச்சி." ஐயா, கணக்கு நல்லாத்தான் இருக்கு. நானும் ஒரு கணக்கு சொல்றேன், கேளுங்க. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். இது சின்னத் தொட்டி. விளிம்பு வரை நிரப்பினா ஏறக்குறைய 56 லிட்டர் தண்ணீர். அதாவது 56 கிலோ. அஞ்சு தொட்டின்னா 280 கிலோ! கண்ணாடி எடையும் கல்லு எடையும் தனி. நாலு பெரிய ஆம்பளைங்களைத் தூக்கி உங்க ஷோகேஸ் மேலே உட்கார வெச்ச மாதிரி. எந்தப் பொழுதுபோக்குக்காவது வீட்டுக்குள்ளே இரும்பு ஸ்டாண்டு அடிக்கச் சொல்லுவாங்களா? சீட்டாட்டத்துக்கு ஒரு பாய் போதுமே! (சிரிப்பு)

சரி, ஒரு தொட்டி எப்படி அஞ்சு தொட்டி ஆகுது? யாரும் திட்டம் போட்டு வைக்கிறதில்லைங்க. பையன் அழுதான்னு அப்பா ஒரு ஜோடி கப்பி மீன் வாங்கிட்டு வருவாரு. கப்பி முட்டை போடாது, குட்டி போடும். அதுவும் ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒரு தடவை. "ஆண் மீனைத் தனியாப் பிரிச்சுட்டேன், இனிமே கவலை இல்லை"ன்னு நிம்மதியா இருப்பாரு. நடக்காது! ஒரு தடவை சேர்ந்த பெண் கப்பி, அதுக்கப்புறம் ஆணே இல்லாம மாசக்கணக்கிலே குட்டி போட்டுக்கிட்டே இருக்கும். இரண்டாவது தொட்டி வந்தாச்சு. அடுத்து மகள் ஒரு ஃபைட்டர் மீன் கேட்பா. பேரே சண்டைக்காரன். இரண்டு ஆண் மீனை ஒண்ணா விட்டா ஒண்ணுதான் மிஞ்சும். மூணாவது தொட்டி. அப்புறம் ஏஞ்சல் மீன். பேருதான் தேவதை. வளர்ந்ததும் கப்பிக் குட்டிகளைப் பலகாரம் மாதிரி சாப்பிடும். நாலாவது தொட்டி. கோல்டுஃபிஷ்ஷுக்குக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் வேணும், கழிவும் அதிகம். அஞ்சாவது தொட்டி!

இத்தனையும் பார்த்துட்டு வாசல்லே உட்கார்ந்திருக்கிற அப்பத்தா கேட்குது: "ஏன்டா பேராண்டி, அஞ்சு தொட்டி மீன் இருக்கே, ஒருநா குழம்பு வைக்கப்படாதா?" (பலத்த சிரிப்பு) அயிரை மீன் குழம்புக்கு ஊரையே கூட்டுகிற மண்ணு இது. அந்தக் கேள்வியிலே தப்பே இல்லை!

எதிரணி நண்பர்களே, இந்தக் கதையிலே நீங்க ஒண்ணைக் கவனிக்கணும். ஒவ்வொரு தொட்டியும் எதுக்கு வந்தது? பார்க்கிறவங்க பொழுதுபோக்குக்கா? இல்லை. ஒரு உயிர் இன்னொரு உயிரைக் கொல்லாம இருக்க வந்தது. பிரித்து வைக்க வேண்டிய கடமை வந்ததால்தான் தொட்டி வந்தது. உங்க வாதத்திலேயே என் வாதம் ஒளிஞ்சிருக்கு!

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். நம்ம கண்ணுக்குத் தொட்டித் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். மீன் அதிலேயேதான் மூச்சு விடுது, அதிலேயேதான் கழிவும் விடுது. மீனின் கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கு விஷம். கண்ணுக்குத் தெரியாத ஒருவகை பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா வந்து அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நம்ம ஆட்கள் என்ன செய்றாங்க? காலையிலே தொட்டி, மத்தியானம் தண்ணீர், சாயங்காலம் இருபது மீன்! அடுத்த வாரம் மீன் மிதக்குது. "கடைக்காரன் ஏமாத்திட்டான்"னு ஒரு பேச்சு. பல நேரம் கடைக்காரர் ஏமாத்தலீங்க, அவசரம் ஏமாத்திருச்சு.

இங்கேதான் பல தொட்டி வைத்திருப்பவருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நம்ம தாய்மார்களுக்கு இது ரொம்ப எளிதாகப் புரியும். பால் எப்படித் தயிராகுது? நேற்றைய மோரிலே ஒரு கரண்டி உறை ஊற்றுகிறோம். அதேதான்! நல்லா ஓடிக்கிட்டிருக்கிற பழைய தொட்டியின் பஞ்சிலே ஒரு துண்டை எடுத்துப் புதுத் தொட்டியிலே போடுங்க. பழைய தொட்டி புதுத் தொட்டிக்கு உறை! (கைதட்டல்) அந்தப் பஞ்சைக் கழுவும்போது குழாய்த் தண்ணீரிலே, சோப்புப் போட்டுக் கழுவிடாதீங்க. குளோரினும் சோப்பும் அந்த நல்ல உயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசுங்க, போதும்.

வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். முழுசா மாத்தக் கூடாது. கால் பங்குன்னா ஒரு தொட்டிக்கு 14 லிட்டர், அஞ்சு தொட்டிக்கு 70 லிட்டர். நம்ம வீட்டுக் குடம் கணக்கிலே ஏறத்தாழ அஞ்சு குடம். குழாயிலே பிடித்த குளோரின் தண்ணீரை ஒருநாள் வாளியிலே திறந்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும். ஆக, இன்றைக்கு மீனுக்கு வேண்டிய தண்ணீரை நேற்றே நினைத்திருக்க வேண்டும்! நாளையைப் பற்றி நேற்றே நினைப்பதற்குப் பேர் பொழுதுபோக்கா நடுவர் அவர்களே? அதற்குப் பேர் பொறுப்பு!

ஒரு அம்மா கேட்கலாம்: "கோடையிலே குடிக்கவே தண்ணி இல்லை, மீனுக்கு அஞ்சு குடமா?" நியாயமான கேள்வி. எடுத்த தண்ணீரைச் சாக்கடையிலே கொட்டாதீங்க. அதிலே இருக்கிற நைட்ரேட் செடிக்கு உரம். முருங்கைக்கு ஊற்றுங்க, கறிவேப்பிலைக்கு ஊற்றுங்க. மீன் குடித்தனம் நடத்திய தண்ணீரிலே உங்க கறிவேப்பிலை தழைக்கும். அந்த அஞ்சு குடம்கூடக் கிடைக்காத வீடு, ஒரு தொட்டியோடு நிறுத்திக்கொள்வதுதான் அழகு. பெருமைக்குத் தொட்டி வைக்கக் கூடாது, கையிருப்புத் தண்ணீரைப் பார்த்துத்தான் வைக்கணும்.

இன்னொரு விஷயம். புதுசா வாங்கின மீனை நேராகப் பழைய கூட்டத்திலே விடலாமா? கூடாது. இரண்டு மூன்று வாரம் தனித்தொட்டியிலே வைத்துப் பார்க்க வேண்டும். உடம்பிலே ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது நோய். ஒரு தொட்டியிலே போட்ட வலையை அப்படியே அடுத்த தொட்டியிலே போட்டால், நோயை நாமே கைப்பிடித்துக் கூட்டிட்டுப் போறோம்னு அர்த்தம். அஞ்சு தொட்டிக்கும் ஒரே வலை என்பது அஞ்சு நோயாளிக்கும் ஒரே ஊசி மாதிரி! தீனியும் அப்படித்தான். இரண்டு நிமிஷத்திலே தின்று முடிக்கிற அளவு போதும்.

எதிரணி நண்பர் உருக்கமா ஒண்ணு சொன்னாரு. "வேலை முடிஞ்சு வந்து மீனைப் பார்த்தா மனசுக்கு அமைதி." ஒத்துக்கிறேங்க. ஆனா ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போகுது. காற்று மோட்டார் நிக்குது. அப்ப அந்த அமைதி எங்கே போச்சு? ஒரு குவளையை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கிட்டிருக்கிறது யாரு? பெரும்பாலும் அந்த வீட்டு அம்மா! வாங்கினது அப்பா, கேட்டது பிள்ளை, முழிச்சிருக்கிறது அம்மா. (கைதட்டல்) அதனாலே வீட்டிலே அஞ்சு தொட்டின்னா, ஆளுக்கு ஒரு தொட்டின்னு பிரிச்சுக் கொடுங்க. பிள்ளைகள் கையிலே ஒரு உயிரை ஒப்படைச்சுப் பாருங்க. பாடப்புத்தகம் கற்றுக் கொடுக்காததை அந்தத் தொட்டி கற்றுக் கொடுக்கும்.

சென்னையிலே கொளத்தூர், அலங்கார மீனுக்குப் பேர்போன இடம். அங்கே வண்ண மீன் வளர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் போய் "இது பொழுதுபோக்குதானே?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லக்கூட நேரம் இருக்காது!

நடுவர் மணியைத் தேடுகிறார். முடிக்கப் போகிறேன். ஆனால் முடிக்கும் முன் சொல்ல வேண்டியதுதான் முக்கியமானது.

தொட்டி அலுத்துப் போச்சு, மீன் பெரிசாயிருச்சு. என்ன செய்றோம்? "பாவம், பிழைச்சுப் போகட்டும்"னு ஆற்றிலே விடுறோம். புண்ணியம் செய்ததாக நினைப்பு! ஐயா, பாசியைத் தின்னும் என்று இரண்டு அங்குலத்திலே வாங்கிய சக்கர் மீன், ஓரடிக்கு மேலே வளரும். ஆற்றிலே விட்டால் கரையைத் துளைத்து வளை போடும். நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றிலே அது இன்றைக்குக் குடியேறிவிட்டது. 2018 ஆகஸ்டிலே கேரளத்திலே பெருவெள்ளம் வந்ததே, அதற்குப் பிறகு அங்கே ஆறுகளிலே என்ன கிடைத்தது தெரியுமா? அமேசான் ஆற்று அரபைமா! அமெரிக்காவின் முதலைமூக்கு மீன்! வளர்ப்புக் குளங்களிலிருந்து தப்பியவை.

நம்ம தலைமேலேயே இருக்கிறது பெரியாறு ஏரி. அந்தக் காட்டு ஓடைகளைத் தவிர உலகத்தில் வேறு எங்குமே இல்லாத மீன் உண்டு. 'பெரியாறு டிரவுட்' என்று பேர். 1952-லே சாப்பாட்டுக்காக நம் நாட்டுக்குள் கொண்டு வந்த ஜிலேபி மீன், அந்த ஏரிக்குள்ளும் புகுந்துவிட்டது. அந்த மண்ணின் மீனுக்கு அது இன்றைக்குப் போட்டி. சோறு போடும் என்று நல்லெண்ணத்தோடு கொண்டு வந்த மீனுக்கே இந்தக் கதை என்றால், அலுத்துப்போய் வீசுகிற மீனுக்கு என்ன கதை?

மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்ப, 1895-லே அணை கட்டி முடித்தார் பென்னிகுவிக். அந்தத் தண்ணீரிலே இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. ஜனவரி 15-லே அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிற ஊர் இது. அந்தத் தண்ணீர் கம்பத்தோடு நிற்கிறதா? முல்லையாறாக ஓடி வைகையிலே கலக்கிறது. வைகை அணை, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று போகிறது. கூடலூரிலே ஒரு பிள்ளை விடுகிற மீன், ராமநாதபுரத்துக் கண்மாய் வரைக்கும் வழி தெரிந்து போகலாம்! நம்ம அயிரைக்கும் கெண்டைக்கும் விராலுக்கும் யார் பதில் சொல்வது?

வேண்டாத மீனைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். வளர்க்கிற இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள். ஆற்றுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்!

வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாகவே மழையை வைத்தார். தண்ணீருக்கு அந்த இடம் கொடுத்த மரபு நம்முடையது. மீன் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். நாம் வளர்க்க வேண்டியது தண்ணீரை. தொட்டிக்குள் இருக்கிற தண்ணீருக்கும் பொறுப்பு, தொட்டிக்கு வெளியே ஓடுகிற தண்ணீருக்கும் பொறுப்பு. அந்தப் பொறுப்பைச் சுமக்கிறவனுக்குக் கிடைக்கிற கூலிதான் எதிரணியினர் சொன்ன அந்த மகிழ்ச்சி. வேலை செய்யாமல் கூலி கேட்கலாமா நடுவர் அவர்களே?

ஆகவே, வீட்டில் பல மீன்தொட்டிகள் வைப்பது பொறுப்பே, பொறுப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.