கணினிக் கல்வியும் நம் ஜமாஅத்தின் பொறுப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

  

பத்ருப் போர் ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் (கி.பி. 624) நடைபெற்றது. சிறைபிடிக்கப்பட்ட மக்காவாசிகளுள் ஈட்டுத்தொகை செலுத்த இயலாத, ஆனால் எழுத்தறிந்த கைதிகள், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றதாகச் சீரா ஆசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். வறுமை மிகுந்திருந்த அந்நாளில் பொன்னுக்கு ஈடாக எழுத்து ஏற்கப்பட்டது, அதுவும் பகைவரிடமிருந்து! அன்று எழுத்துக்கு இருந்த இடத்தில் பாதியை இன்று கணினி பிடித்துக்கொண்டது.

இது மிகையன்று. 2018இல் வந்த புதிய பாடநூல்களைப் புரட்டிப் பாருங்கள். பாடங்களின் ஓரத்தில் கறுப்புக் கட்டங்களாலான க்யூ.ஆர். குறியீடு அச்சிடப்பட்டுள்ளது. கைப்பேசியைக் காட்டினால் பாடத்தின் காணொலி விரியும். கைப்பேசி இல்லாத பிள்ளைக்கு அது வெறும் மைக்கட்டமே. பொறியியல் கலந்தாய்வுக்காகச் சென்னைக்குப் பேருந்து ஏறிய காலம் போய், 2018 முதல் விருப்பக் கல்லூரிகளை இணையத்திலேயே வரிசைப்படுத்த வேண்டியுள்ளது. அவ்வரிசை பிசகினால் கிடைக்க வேண்டிய இடம் கைநழுவிப் போகும். சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகைக்கும் இணையவழியே விண்ணப்பம்.

நம் தெருக்களில் பல வீடுகளில் திரைபேசி ஒன்றே உள்ளது. அதைத் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்கிறார். இஷாவுக்குப் பின் திரும்புகிறார். அப்போதும் அது முதலில் மகன் கைக்குத்தான் போகிறது. மகள் கேட்டால், “உனக்கு எதற்கு?” என்கிறோம். கைப்பேசி பிள்ளைகளைக் கெடுக்கும் என்னும் அச்சம் நியாயமானதே. ஆனால் அவ்வச்சம் மகளிடம் மட்டும் சட்டமாகிறது. மகனிடம் அறிவுரையாக நின்றுவிடுகிறது. இது நீதியன்று.

அரசு எதுவும் செய்யவில்லை என்று கூறுவதற்கில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளின் மாணவர்களுக்கு 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட கருவிகள் அடுத்த சில ஆண்டுகளில் வழங்கப்பட்டன. 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பினரின் மடிக்கணினிகளில் பாடக் காணொலிகள் பதிந்து தரப்பட்டன. அவற்றைப் பார்க்க இணையம் வேண்டியிருக்கவில்லை. 2021 அக்டோபரில் நம் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் அருகே தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்திலோ கருவியே பிரதானமன்று. மாலையில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்து உடனிருந்து கற்பித்த தன்னார்வலர்களே அதன் உயிர். கருவி ஒருபுறம், உடன் அமரும் ஆள் ஒருபுறம். இவ்விரண்டையும் ஓரிடத்தில் சேர்ப்பதே நம்மால் இயன்ற பணி.

மடிக்கணினி பெற்ற அன்றைய மாணவர்கள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள். கருவிகள் அலமாரியில் துணிகளுக்கு அடியில் உறங்குகின்றன. மின்கலம் செத்திருந்தாலும் மின்கம்பியைச் செருகினால் பல இன்னும் இயங்கும். அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையே நம் மதரஸாக் கூடம் வெறுமனே கிடக்கிறது. அங்கே நீண்ட மேசையொன்றைப் போட்டு, திரைகள் யாவும் கூடத்தை நோக்கியிருக்கும்படி வைப்போம். யார் எதைப் பார்க்கிறார் என்பது எல்லோர் கண்ணிலும் படும். நீங்கள் அஞ்சும் தீமைக்கு, மூடிய அறையில் தரும் கைப்பேசியைவிட இது நல்ல காவல். பாடநூல்களையும் காணொலிகளையும் முன்கூட்டியே பதிவிறக்கி வைத்தால் மாதந்தோறும் இணையக் கட்டணமும் மிச்சம். வாரத்தில் மூன்று நாள் பெண்பிள்ளைகளுக்கு. அந்நாள்களில் பட்டம் பெற்ற நம் சகோதரிகள் இருவர் உடனிருக்க வேண்டும். அக்கம்பக்கத்து மாற்றுமதச் சகோதரர்களின் பிள்ளைகளும் வரட்டும். கற்பித்தவர் யார் என்று பத்ரில் பார்க்கப்படவில்லை. கற்க வருபவர் யார் என்று நாம் பார்ப்பானேன்?

நம் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அயல்நாட்டார் ராஜகிரியைப் பற்றித் திரையில் படித்துவிட்டு வருகிறார்கள். அதன் அடிவாரத்தில் பிறந்த பிள்ளைக்கு அவ்வாய்ப்பு இல்லாதிருப்பது எனக்கு உறுத்துகிறது.

செலவு குறித்து நிர்வாகத்தார் கேட்பீர்கள். மேசையும் மின்இணைப்பும் தவிர வேறில்லை. அதை இக்கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். மடிக்கணினி வைத்திருப்போர் அதிலுள்ள குடும்பப் படங்களை அழித்துவிட்டு, மின்னேற்றியையும் மறவாமல் சேர்த்து, வரும் ஜும்ஆவுக்குள் ஜமாஅத் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். பழுது பார்க்கத் தெரிந்த இளைஞர்கள் தொழுகை முடிந்ததும் என்னைச் சந்தியுங்கள்.