மிச்சப் பணமும் மீட்புப் பணியும்



இலக்கியம் முழங்கும் மேடையில் தீயணைப்பைப் பற்றிப் பேச வந்துள்ளேன். புலவர் பெருமக்கள் பொறுத்தருள்க. இரயில்வே எழுத்தருக்குத் தெரிந்தது சிவப்புச் சாயம் பூசிய மணல் வாளிதானே!

2023 சூலைத் திங்களில், விழிஞ்ஞத்தை அடுத்த முக்கோலையில், கிணற்று வேலைக்கு இறங்கிய தமிழ்த் தொழிலாளி ஒருவர் மண் சரிந்து புதையுண்டார். தீயணைப்புப் படையினரும் பிறரும் இரண்டு நாள் போராடினர். உடலைத்தான் எடுக்க முடிந்தது. மறு ஆண்டு அதே சூலையில், திருவனந்தபுரம் இரயில் நிலையத்தின் அடியே செல்லும் ஆமையிழஞ்சான் தோட்டில் துப்புரவு செய்யச் சென்ற நம் வட்டத்துத் தொழிலாளியை வெள்ளம் இழுத்துச் சென்றது. குப்பை அடைத்த அந்த இருட்டில் முக்குளிப்போர் நுழைந்து தேடினர். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. மீட்கச் செல்வோரையும் சாவு விடுவதில்லை. 2023 மே 23 அன்று, தும்பாவை அடுத்த கின்ஃப்ரா பூங்காவில், மருந்துக் கிடங்குத் தீயை அணைக்கச் சென்ற வீரர் ஒருவர் சுவர் இடிந்து மாண்டார்.

“தீயணைப்பு மாநில அரசின் துறை, ஊராட்சிக்கு அதில் என்ன வேலை?” என்று கேட்பார் உண்டு. தீயணைப்புப் பணிகளைப் புதுப்பிக்க 2023-இல் மத்திய அரசு 5,000 கோடி ரூபாய்த் திட்டம் வகுத்தது உண்மை. ஆனால் எத்தனை புதிய வண்டி வாங்கினாலும், அது நெடுஞ்சாலை நெரிசலைக் கடந்து நம் ஒற்றையடிப் பாதைக்கு வந்து சேரும் வரை அண்டை வீட்டாரே தீயணைப்பு வீரர்!

அவர்கள் என்ன செய்கிறார்கள்? கிணற்றில் ஒருவர் மயங்கி விழுந்தால், தம்பி பதறி இறங்குவார், அவரும் மயங்குவார். விளக்கை இறக்கிப் பார்ப்பது முன்னோர் வழக்கம். விளக்கு அணைந்தால் உயிர்க்காற்று குறைவென்று அறியலாம். எரிந்தால் நச்சுக்காற்று இல்லை என்று துணிய முடியாது. காற்றைச் சோதிக்கும் கருவி, மூச்சுக் கருவி, கயிறு, கப்பி, இவற்றைக் கையாளத் தெரிந்த நால்வர் ஆகியன ஊர்தோறும் வேண்டும்.

2018 வெள்ளத்துக்குப் பின், 2019-இல், தீயணைப்புத் துறையின் கீழ்க் குடிமைப் பாதுகாப்புப் படையை அமைக்கக் கேரள அரசு முடிவு செய்தது. நிலையம் ஒன்றுக்கு 50 தொண்டர், 124 நிலையங்களுக்கு 6,200 பேர் என்பது திட்டம். நல்ல தொடக்கமே. ஆனால் ஒரு நிலையத்தின் எல்லைக்குள் எத்தனை சிற்றூர்கள்! பயிற்சி பெற்றவர் கையிலும் கருவி இல்லையேல் பயன் என்ன?

மார்ச்சுத் திங்கள் வந்தால், செலவாகாத பணத்தைச் செலவழிக்கும் விரைவு நாம் காணாததா? நல்ல தரையைப் பெயர்த்து ஓடு பதிப்பார்கள், வளைவு எழுப்புவார்கள். அந்த மிச்சத்தில் ஒரு பகுதி இக்கருவிகளுக்கும் பயிற்சிக்கும் சென்றால் எவர் குறை சொல்வார்? வார்டுதோறும் கூடும் கிராம சபையில் இதை எழுப்புங்கள்.

இன்னொன்று. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர, பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழ்ந்த தமிழர் கேரளத்தில் நின்றோம். ஆபத்து வேளைக்கான பயிற்சி நம் பாட்டிமாருக்கும் புரியும் மொழியில் அமைய வேண்டும். 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். அவ்வாறு எழுதிய மனு ஒன்று வாயிலருகே மேசைமேல் உள்ளது. விருந்துக்குச் செல்லுமுன் கையொப்பமிட்டுச் செல்ல வேண்டுகிறேன்.