அடுக்களையில் நின்ற தகப்பன்மார்
(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் மனைவிமார் குவைத்திலும் ஓமானிலும் நர்சுகள். குமரி மாவட்டத்தில் இது புதுமையல்ல. அவர்கள் அனுப்பிய பணத்தில் வீடு எழும்பியதை ஊர் பார்த்தது. அந்த வீட்டுக்குள் மகளுக்கு இரட்டைச் சடை பின்னத் தெரியாமல் நாங்கள் விழித்ததை யார் பார்த்தார்? ‘பெண்டாட்டி சம்பாத்தியம்’ என்ற பேச்சுக்கு அஞ்சி டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டோம்.

எங்களைச் சேர்த்து வைத்தது மறைக்கல்வி வகுப்பு. பிள்ளைகள் உள்ளே படிக்க, கெபியருகே தனித்தனியே நின்ற நாங்கள் ஒருநாள் வாய் திறந்தோம். முதலில் பேசியது தலைப்பேனைப் பற்றி! (சிரிக்காதீர்கள்.) பிறகு எல்லாம் வந்தது.

எங்களில் ஒருவரின் கடைக்குட்டிக்கு நள்ளிரவில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. அவர் தட்டியது உறவினர் கதவை அல்ல, எங்களில் இன்னொருவர் கதவை. ஒருவர் ஆட்டோ பிடித்தார். மற்றொருவர் மூத்த பிள்ளைகளுக்குத் துணையாகப் படுத்துக்கொண்டார். தாய் அங்கே இரவுப் பணியில். விடிந்த பிறகே சொன்னோம். அந்தச் சகோதரி எங்கள்மேல் கோபப்பட்டார், அது நியாயமே.

1870-இல் திருத்தந்தை 9ஆம் பத்திநாதர் சூசையப்பரைத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவித்தார். அவர் பேசிய ஒரு வார்த்தைகூட நற்செய்தியில் இல்லை. நாங்களும் ஊமையாகத்தான் இருந்தோம். ஆனால் அவர் அருகில் மாதா இருந்தார்.

மார்ச் 19 அசனத்துக்குச் சோறு வடிப்பது இப்போது எங்கள் பொறுப்பு. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தகப்பன்மார் ஞாயிறு மறைக்கல்வி நேரத்தில் கெபிப் பக்கம் வாருங்கள். மனைவியை இழந்தவர்களும் வரலாம்.