படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க



பொறுப்பான தலைமை பத்திப் பேசச் சொன்னாங்க. பெரிய தலைவர்களைப் பத்திப் பேச ஆயிரம் பேர் இருக்காங்க. நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்திப் பேசிட்டுப் போறேன்.

2006 உள்ளாட்சித் தேர்தலில் நான் வார்டு உறுப்பினரா ஜெயிச்சேன். குழுவுல பத்து வருஷம் கணக்கு எழுதினவ, நாணயமானவன்னு சொல்லி உறுப்பினர்கள் என்னைத் துணைத் தலைவராவும் ஆக்கிட்டாங்க. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். ஒருத்தர் போட்டா செல்லாது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கணும்னுதான் அப்படி வச்சிருக்காங்க. அது எனக்கு அப்போ புரியலை.

காசோலைப் புத்தகம் என் வீட்டுக்கே வரும். தோசைக்கல் அடுப்புல இருக்கும். மாவுக் கையை முந்தானையில துடைச்சிட்டு, காட்டின இடத்துல போடுவேன். "எதுக்குண்ணே இது?"ன்னு ஒரு நாள் கேட்டேன். "லைட்டு, தண்ணி மோட்டார் எல்லாம்தாம்மா"ன்னு பதில். அதோட விட்டுட்டேன். குழுவுல 50 ரூபாய் வித்தியாசம் வந்தா ராத்திரி தூங்காதவ நான்!

ஒரு வெள்ளிக்கிழமை எங்க குழுக் கூட்டம். ஒரு அக்கா கடன் கேட்டாங்க. எதுக்குன்னு கேட்டோம். மகளுக்குக் கல்யாணம்னாங்க. பொண்ணுக்கு 15 வயசு, பத்தாவது படிக்குது. எல்லாரும் திட்டினோம். அந்த அக்கா அழுதுட்டே சொன்னாங்க: "ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு ஏரிக்கரை வழியா இருட்டுல வருது. பாலத்துல குடிச்சிட்டு உக்காந்திருக்கிறவன் துப்பட்டாவைப் பிடிச்சு இழுத்திருக்கான். அந்த வழியில ஒரு லைட்டு எரிஞ்சா நான் ஏன் புள்ளையைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்துறேன்?"

மறுநாள் ஊராட்சி அலுவலகம் போய்ச் செலவுச் சீட்டுகளை எடுத்துக் காட்டச் சொன்னேன். ஏரிக்கரை வழிக்கு டியூப் லைட் மாத்தினதா ஒரே வருஷத்துல ரெண்டு தடவை பணம் போயிருக்கு. ரெண்டு காசோலையிலயும் என் கையெழுத்து. நான் ஒரு பைசா எடுக்கலை. ஆனா அந்த இருட்டுல எனக்கும் பங்கு இருக்குதானே? திருடாம இருந்தா மட்டும் பொறுப்பு ஆயிடாதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அப்புறம் பார்க்காம எதிலயும் கையெழுத்துப் போடலை. "பொம்பளைக்கு இவ்வளவு திமிரா"ன்னு பேச்சு வந்தது. வீட்டுக்காரருக்கும் கோபம், "உனக்கு எதுக்கு ஊர்ப் பகை?"ன்னார். ஆனா குழு என்னைத் தனியா விடலை. முதல்ல அந்தக் கல்யாணத்துக்குக் கடன் தர மாட்டோம்னு தீர்மான நோட்டுல எழுதினோம். நாலு பேர் முறை போட்டு பஸ் ஸ்டாப்புல இருந்து பொண்ணைக் கூட்டிட்டு வந்தோம். அந்த ஆள் மேல புகார் கொடுக்கக் காவல் நிலையத்துக்கு இருபது பேர் போனோம். அடுத்த கிராம சபையில் லைட்டுக் கணக்கைக் கம்பம் கம்பமா வாசிக்கச் சொன்னோம். எது எரியுது, எது எரியலைன்னு ஜனங்களே எழுந்து சொன்னாங்க. ஒரு மாசத்துல லைட்டு எரிஞ்சது. போன பணம் முழுசா திரும்பலை. அந்தப் பொண்ணு ஒரு வருஷம் தள்ளித்தான் பரீட்சை எழுதினா. ஆனா எழுதினா.

அதே சபையில் இன்னொண்ணும் நடந்தது. காலனித் தெரு அக்கா ஒருத்தங்க எழுந்து, "உங்க வழியில லைட்டு எரியலைங்கிறீங்க. எங்க தெருவுல கம்பமே இல்லையே, அதை யார் கேக்குறது?"ன்னாங்க. எனக்கு முகத்தை எங்க வச்சிக்கிறதுன்னு தெரியலை. நியாயம் கேக்க வந்த நாங்களே அதை நினைக்கலை. அடுத்த தீர்மானம் அந்தத் தெருக் கம்பத்துக்குத்தான். கடைசித் தெருவுக்கு வெளிச்சம் போச்சான்னு பார்க்கிறதுதான் தலைமை. நம்ம தெரு வரைக்கும் வந்தா போதும்னு நின்னா, நாமளும் அவங்களை மாதிரிதான்.

கணக்கைச் சத்தமா வாசிக்கிறதுக்கு எவ்வளவு பலம் இருக்குன்னு ஒரு விஷயம் சொல்றேன். ராஜஸ்தானில் 1994-ஆம் ஆண்டு முதல், கூலி வேலை செய்யும் ஏழை மக்கள் ஊர் நடுவுல பந்தல் போட்டு, பஞ்சாயத்துச் செலவுச் சீட்டுகளை எல்லார் முன்னாடியும் வாசிச்சாங்க. செத்துப் போனவங்க பேர்லகூடக் கூலி எழுதியிருந்தது வெளியே வந்தது. அந்தப் போராட்டமும் சேர்ந்துதான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. இன்னைக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுத்தா 30 நாளுக்குள்ள பதில் தரணும்.

நமக்கு இடமும் கிடைச்சிருக்கு. 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சியில் மூணுல ஒரு பங்கு பெண்களுக்குன்னு சொன்னது. தமிழ்நாட்டில் 2016-இல் அது பாதி ஆச்சு. ஆனா நாற்காலியில நாம, பேனா வேற ஒருத்தர் கையிலன்னா அந்தப் பாதியால யாருக்கு என்ன லாபம்?

நமக்குத் தலைமை புதுசு இல்லை. வாரக் கூட்டத்துல வட்டமா உக்கார்றோம். சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாத்தையும் வாசிக்கிறோம். எல்லாரும் கேட்ட பிறகுதான் தீர்மானத்துல கையெழுத்து. இந்தப் பழக்கத்தைக் குழுப் பெட்டியோட பூட்டி வச்சிடாதீங்க. ஊராட்சிக்கும் எடுத்துட்டுப் போங்க. நம்ம கூட்டமைப்புக்கும் இது பொருந்தும். பொறுப்பை அடுத்தவங்களுக்குக் கொடுக்கிற நாள் வந்தப்போ எனக்கும் மனசு வரலை, ஒத்துக்கிறேன். மாத்திக் கொடுத்தாத்தான் அது பொறுப்பு. இல்லாட்டி அது சொத்து.

உங்ககிட்ட மூணு விஷயம் கேக்குறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை. ஒவ்வொரு குழுவுல இருந்தும் அஞ்சு பேராவது போங்க. வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. இரண்டாவது, வெத்துக் காசோலையிலயோ வெத்துத் தாளிலயோ யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீங்க, புருஷன் சொன்னாலும் சரி. மூணாவது, பெண்களுக்கு ஆபத்துன்னா 181, குழந்தைகளுக்குன்னா 1098. இந்த ரெண்டு நம்பரையும் குழு நோட்டு அட்டையில இன்னைக்கே எழுதி வையுங்க.

அந்த ஏரிக்கரை வழியில இப்பவும் சாயங்காலம் நடந்து போவேன். கம்பங்களை எண்ணிக்கிட்டேதான் போவேன். ஒண்ணு எரியலைன்னாலும் மறுநாள் காலையில ஊராட்சி அலுவலகத்துல நிப்பேன். இப்ப எனக்குப் பதவி இல்லை. அதைக் கேக்குறதுக்குப் பதவியும் வேண்டாம்.